பேசினது புழு இல்ல

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி ஆடும், இந்தக் கட்டில்ல உக்காருங்க. வீட்டுக்கு வந்த உபதேசியாருக்கு எந்திரிச்சு ஒரு தோத்திரம் சொல்ல முடியல, தப்பா நெனைக்காதிய. இடது கால் பரவால்ல, வலது கால்தான் இன்னும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு. நடக்க நடக்கச் சரியாகும், ஆனா மெள்ளத்தான் ஆகும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ.

நீங்க வந்த விஷயம் எனக்குத் தெரியும். பங்குச் சாமியார் அனுப்பியிருக்காவ. எங்க நாத்தனார் ஜெசிந்தா கல்யாணத்துக்கு, நடுவுல நின்னுபோன மூணாவது அறிவிப்பு ஓலையை வார ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிக்கணும். அதுக்கு முன்ன நான் ஒரு வார்த்தை சொல்லணும். 'ரெண்டாவது ஓலை வாசிச்ச அன்னைக்கு நான் கோயில்ல எந்திரிச்சுச் சொன்னது என் புத்தியில சொன்னது இல்ல, மூளையில புழு இருந்துச்சு, அதுதான் என்னைப் பேச வச்சுட்டு.' அவ்வளவுதானே? எங்க வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லிக்குடுத்துட்டுத்தான் கடைக்குப் போனாவ. மாமியா பேத்தியைப் பாக்க மருமகன் வீட்டுக்குப் போகும்போது வாசல்ல நின்னு இன்னொரு தடவை சொல்லிட்டுப் போனா. உபதேசியார் வந்தா இதைச் சொல்லு, வேற வாயைத் திறக்காதன்னு.

திறக்கத்தான் போறேன். அன்னைக்குக் கோயில்ல நான் பேசினதை ஒருத்தரும் முழுசாக் கேக்கல. விழுந்ததைத்தான் எல்லாரும் பாத்திய. இப்பம் நீங்க ஒருத்தராவது கேட்டுட்டுப் போங்க.

ஐப்பசி மழைக்குப் பொறவுதான் எனக்கு ஆரம்பிச்சுது. முதல்ல தலைவலி. சாதாத் தலைவலி இல்ல, உச்சியில ஆரம்பிச்சு பிடரி வரைக்கும் பிடிச்சு இழுக்கும். பொறவு கால்ல எறும்பு ஊருத மாதிரி ஒரு மதமதப்பு. குனிஞ்சு பாத்தா எறும்பே இருக்காது. காய்ச்சல் வரும், போகும். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு அடுப்படியில நின்னேன். வீட்டுல யாரு நிப்பா? அப்புறம் புத்தி தடுமாற ஆரம்பிச்சுது. காப்பியில உப்பைப் போட்டேன். எங்க வீட்டுக்காரரை எங்க அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முக்குக் கடைக்குப் போனவ, திரும்பி வார வழி தெரியாம மாதா கெபி முன்னால உக்காந்திருந்தேன். என் மவன் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான்.

மாமியா உடனே சொல்லிட்டா, பேய்னு. புனிதர் கோயில்ல கொண்டு போயிக் கொஞ்ச நாள் வச்சுட்டு வருவோம்னா. தெருவுல புத்தி பேதலிச்சு கோட்டி பிடிச்சுட்டுன்னாவ. ஒருத்தி வந்து, இவளுக்கு மாதா காட்சி குடுத்திருக்காவன்னு சொல்லி என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனா. அந்தக் கால்லதான் உணர்ச்சியே இல்ல, அவ தொட்டதுகூடத் தெரியல எனக்கு.

இதுக்கு நடுவுலதான் இந்தக் கல்யாணப் பேச்சு. உங்களுக்குத் தெரியாதது இல்ல. எங்க பெரிய நாத்தனார் லூர்து போன வருசம் மஞ்சக்காமாலையில தவறிட்டா. கைப்பிள்ளை ஷைனியை விட்டுட்டுப் போயிட்டா. அந்தப் பிள்ளைக்குத் தாயி வேணும், அதனால லூர்து புருசன் பிரான்சிஸ் அண்ணனுக்கு ஜெசிந்தாவையே குடுத்துருவோம்னு பேசி முடிச்சாச்சு. தவக்காலம் பிறந்துட்டா கோயில்ல கல்யாணம் கிடையாது, அதுக்குள்ள முடிக்கணும்னு ஒரே ஓட்டம். பிரான்சிஸ் அண்ணனை நான் ஒண்ணும் சொல்லல. நல்ல மனுசன். குடி கிடையாது, சண்டை கிடையாது. அவியகிட்டயும் யாரும் உமக்குச் சம்மதமான்னு கேட்டிருக்க மாட்டாவ.

ஜெசிந்தா நர்சிங் படிக்கா. ரெண்டாம் வருசம். கல்யாணத்துக்குன்னு லீவு போட வச்சு கூட்டிட்டு வந்துட்டாவ. ஒருநாள் பின்னால தொட்டிக்கிட்ட துணி துவைச்சுக்கிட்டு இருந்தோம். திடீர்னு அந்தப் பிள்ளை ஓங்கரிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தா. என்னட்டின்னு கேட்டேன். 'மைனி, அக்கா சேலை எல்லாத்தையும் அத்தான் எனக்குன்னு பெட்டியில எடுத்து வச்சிருக்காவளாம்'னா. 'அத்தானைப் பாத்தா பக்கத்துல அக்கா நிக்கிற மாதிரியே இருக்கு மைனி. நான் எப்படி அங்க போயிப் படுப்பேன்? எனக்கு வேண்டாம் மைனி, அண்ணன்கிட்ட நீங்க சொல்லுங்க'ன்னா. அழுகைகூட வரல அவளுக்கு. தொட்டியைப் பிடிச்சுக்கிட்டே நின்னா.

சொன்னேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொன்னேன். அவிய சட்டையைக் கழட்டிக்கிட்டே, 'பொண்ணுங்களுக்கு ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். உனக்கும்தான் இருந்துச்சு. இப்பம் சரியாகலையா?'ன்னாவ. சரியாத்தான் போச்சு. எனக்கு இந்த வீட்டுல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. அதை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுவேன்.

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை. பூசை முடியப் போவுது. சாமி ஓலையை எடுத்து வாசிச்சாவ. மணமகன் இன்னார் மகன், மணமகள் இன்னார் மகள், இவங்க கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரிஞ்சா பங்குச் சாமிகிட்டத் தெரிவிக்க வேண்டியதுன்னு. எத்தனை வருசமா வாசிக்காவ! ஒருத்தராவது எந்திரிச்சிருக்காவளா? அந்தக் கேள்வி கேக்கும்போது நம்ம ஆளுவ எல்லாம் செருப்பைத் தேடிக்கிட்டு இருப்பாவ. நான் எந்திரிச்சேன். முன் பெஞ்சுச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன். 'தடை இருக்கு சாமி. அந்தப் பிள்ளைக்குச் சம்மதம் இல்ல. அதை இந்த வீட்டுல யாரும் கேக்கல, நீங்களாவது கேளுங்க'ன்னேன்.

பாடகர் குழுவுல ஆர்மோனியத்துல கை வச்சவன் அப்படியே வச்சிருந்தான். எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. மாமியா முக்காட்டை இழுத்து வாயில வச்சதும் ஞாபகம் இருக்கு. உக்காரப் போனேன், கால் எங்க இருக்குன்னு தெரியல. விழுந்தேன். அதுக்கப்புறம் வலிப்பு வந்துச்சுன்னு சொன்னாவ. வாயில நுரை தள்ளிச்சுன்னு சொன்னாவ. அது ஒண்ணும் எனக்குத் தெரியாது.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாவ. ஸ்கேன் எடுத்தாவ. முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாவ. ரத்தத்தை எடுத்து எங்கேயோ பெரிய ஊருக்கு அனுப்பினாவ. டாக்டரம்மா சின்ன வயசுதான். கண்ணாடி போட்டுக்கிட்டு, ராத்திரித் தூக்கம் இல்லாத முகம். கட்டில் பக்கத்துல உக்காந்து கேட்டாவ, 'வீட்டுல நாய்க்குட்டி இருக்காம்மா?' இருக்குன்னேன். கருவாச்சின்னு ஒரு தெரு நாய், எங்க வீட்டுப் பின்னால பனையோலை அடுக்குக்கு அடியில குட்டி போட்டிருந்தா. மாமியா சாக்குல கட்டிக் கொண்டு போயி விடச் சொன்னா, நான்தான் விட மாட்டேன்னேன். அடுத்தாப்ல கேட்டாவ, 'மண்ணு திங்கிற பழக்கம் உண்டாம்மா?'

எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்துட்டு. 'என்ன டாக்டர் கேக்கிய? எங்க வீட்டுல சோறு இல்லையா?'ன்னாவ. டாக்டரம்மா அவியளைப் பாக்கவே இல்ல, என்னையே பாத்துக்கிட்டு இருந்தாவ. நான் சொன்னேன், ஆமா, திம்பேன்னு.

முழிக்காதிய அண்ணாச்சி. இந்தச் செம்மண்ணுல மழை விழுந்தா என்ன வாசனை வரும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க மூச்சை இழுத்து மோந்துட்டுப் போவிய. நான் ரெண்டு விரல்ல எடுத்து நாக்குல வைப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஓலை அடுக்குக்கு அடியில மண்ணு மாவு மாதிரி இருக்கும், அதுதான் எனக்குப் பிடிக்கும். எங்க அம்மா வீட்டுல இருந்த வரைக்கும் நான் மண்ணைத் தொட்டது இல்ல. இங்க கட்டிக்குடுத்து வந்த வருசம்தான் ஆரம்பிச்சுது. ஏன் ஆரம்பிச்சுதுன்னு டாக்டரம்மாவும் கேட்டாவ. தெரியலைன்னேன். தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்? ரத்தம் கம்மியா இருந்தா அப்படித் தோணும்னு சொல்லி அதுக்கும் மாத்திரை எழுதினாவ.

அப்புறம்தான் புழுக் கதையைச் சொன்னாவ. நாய்க்குட்டி வயித்துல ஒரு உருண்டைப் புழு இருக்குமாம். அதோட முட்டை குட்டி போற மலத்துல வந்து மண்ணுல கெடக்குமாம். மாசக்கணக்கா சாகாதாம். அது மனுசன் வயித்துக்குள்ள போனா பொரிச்சு, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுவா ரத்தத்துல ஓடுமாம். நாய் வயித்துல வளர வேண்டியது, மனுசன் உடம்புல வளரவும் தெரியாம, வெளிய போகவும் வழி தெரியாம சுத்திக்கிட்டே இருக்குமாம். நிறையப் பேருக்கு ஒண்ணும் செய்யாதாம். சில பேருக்கு ஈரலுக்குப் போகும், சில பேருக்குக் கண்ணுக்குப் போகும். என்னை மாதிரி எங்கேயோ ஒருத்திக்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகும். அங்க போயி வீங்க வச்சுருமாம். அதுதான் தலைவலி, அதுதான் கால் மதமதப்பு, அதுதான் வலிப்பு.

பாவம்னு நெனைச்சேன் அந்தப் புழுவை. அதுவும் வேணும்னு வரலையே.

பூச்சி மாத்திரையும் வீக்கம் வத்துற மாத்திரையும் குடுத்தாவ. முகம் பாருங்க, பூரி மாதிரி இருக்குல்லா, அந்த மாத்திரைதான். புத்தி தெளிஞ்சுட்டு. இப்பம் கணக்குக் கேளுங்க, சொல்லுதேன். விசுவாசப் பிரமாண செபம் கேளுங்க, தடங்கல் இல்லாம சொல்லுதேன்.

புத்தி தெளிஞ்சு கண்ணைத் திறந்து பாக்கேன், எங்க வீட்டு ஆளுவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். எனக்குச் சுகமாயிட்டுன்னு சந்தோசம்னு நெனைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் விளங்குச்சு. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கிட்டு நேரா சாமிகிட்டப் போயிருக்காவ. பிரான்சிஸ் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்காவ. 'மூளையில புழு. அவ பேசல, புழு பேசிருக்கு'ன்னு. பேய்னு சொன்ன வாய்தான் இப்பம் புழுன்னு சொல்லுது. பேய் பேசிச்சுன்னாவ, கோட்டி பேசுச்சுன்னாவ, மாதா பேசினாவன்னாவ, இப்பம் புழு பேசிச்சுங்காவ. அமலோற்பவம் பேசினான்னு மட்டும் ஒருத்தர் வாயிலயும் வரல.

டாக்டரம்மாகிட்டயே கேட்டேன் நான். 'இந்தப் புழு பேசுமா டாக்டரம்மா?'ன்னு. முதல்ல சிரிச்சாவ. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு யோசிச்சாவ. 'மூளையில வீக்கம் இருந்தா குழப்பம் வரும், கோவம் வரும், உள்ள அடக்கி வச்சிருக்கிறது அடங்காம வெளிய வந்துரும். அதுக்காக நீங்க சொன்னது பொய்யின்னும் நான் சொல்ல முடியாது, நெசம்னும் சொல்ல முடியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்'னாவ.

எனக்குத் தெரியும் அண்ணாச்சி. காப்பியில உப்புப் போட்டது புழு. வழியைத் தொலைச்சது புழு. எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் பேரு வச்சது புழு. மாமியா முகத்துக்கு நேரா 'யாரு இந்தக் கிழவி, எப்பம் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கா'ன்னு ஒருநாள் கேட்டேனாம். அது புழுவா நானான்னு எனக்கே நிச்சயமாத் தெரியல. அதுக்கு வேணும்னா மன்னிப்புக் கேக்கேன். ஆனா ஜெசிந்தாவுக்குச் சம்மதம் இல்லன்னு சொன்னது நான். மூடியைத் திறந்தது புழுவா இருக்கலாம். உள்ள இருந்தது என்னுது.

சாமி கூப்பிட்டு ஜெசிந்தாகிட்டக் கேட்டாச்சு, அவளே சம்மதம்னு சொல்லிட்டான்னு சொல்லப் போறிய. எப்படிக் கேட்டாவன்னு தெரியுமா? நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அண்ணன், மடியில லூர்து பிள்ளை. அந்தப் பிள்ளை இவ தாலிச்செயின் இல்லாத கழுத்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கு. அப்படி வச்சு 'சம்மதமா மகளே'ன்னு கேட்டா எவ இல்லன்னு சொல்லுவா? சாமியைக் குத்தம் சொல்லல. அவியளுக்கு வீடுன்னா என்னன்னு எப்படித் தெரியும்?

ஷைனியை யாரு வளப்பான்னு கேப்பிய. நான் வளக்கேன்னு சொல்லிட்டேன். என் மவன்கூட அதுவும் வளரட்டும். மண்ணு திங்கிறவகிட்டப் பிள்ளையைக் குடுக்கவான்னு மாமியா கேட்டா. இப்பம் திங்கலையே! கையை சோப்புப் போட்டுக் கழுவுதேன், ஓலை அடுக்கு இருந்த இடத்து மண்ணை ஆழமா வெட்டி அள்ளியாச்சு, குட்டியளுக்கு மாட்டாஸ்பத்திரியில பூச்சி மருந்து குடுத்தாச்சு, இன்னும் குடுக்கணும். கருவாச்சியை விரட்ட மாட்டேன்னும் சொல்லிட்டேன். பிள்ளைக்கு அம்மா வேணும்னா அம்மாவாப் பாருங்க. அதுக்கு என்னத்துக்கு ஒருத்தியைப் பிடிச்சு பொண்டாட்டியாக்கணும்?

நீங்க எதுக்கு இப்படிப் பாக்கியன்னு தெரியும். 'இவளுக்கு எதுக்கு இவ்வளவு ஆங்காரம்?' அதானே? எனக்கு என்ன ஆங்காரம்? என் கல்யாணத்துக்கு இதே கோயில்லதான் ஓலை வாசிச்சாவ. எங்க அக்காளுக்குத்தான் முதல்ல இந்த இடம் பேசினது. அவ கடைசி நேரத்துல மாட்டேன்னு கன்னியர் மடத்துக்குப் போயிட்டா. பேசின தேதி பேசினதா இருக்கட்டும்னு என்னைக் குடுத்துட்டாவ. அவளுக்குன்னு எடுத்த பட்டுச் சேலையைத்தான் கட்டினேன், சட்டை மட்டும் பிரிச்சுத் தைச்சாவ. மூணு ஓலைக்கும் கோயிலுக்கு வந்து உக்காந்திருந்தேன். யாருக்காவது தடை தெரிஞ்சான்னு வாசிக்கும்போதெல்லாம் பின்னால திரும்பித் திரும்பிப் பாத்தேன். எங்க அம்மா தொடையில கிள்ளினா, கோயில்ல என்னட்டி பராக்குப் பாக்கன்னு. அது பழைய கதை, சவத்தை விடுங்க. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் இந்தப் பிள்ளைக்காகப் பேசுதேன்.

அதனால நீங்க சாமிகிட்டப் போயி இதைச் சொல்லுங்க. அமலோற்பவம் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டா. மூணாவது ஓலை வாசிச்சா, அன்னைக்கும் எந்திரிப்பா. கால் நிக்கலைன்னா பெஞ்சுல உக்காந்துக்கிட்டே சொல்லுவா. மாத்திரை எல்லாம் முடியப் போவுது, அன்னைக்கு எந்தப் புழு பேசிச்சுன்னு சொல்லுதாவன்னு பாக்கேன்.

எங்க எந்திரிக்கிய? இருங்க. ஒரே ஒரு காரியம் செய்துட்டுப் போங்க. ஜெசிந்தா அடுப்படியிலதான் இருக்கா. அவ அம்மா இல்ல, அண்ணன் இல்ல, மடியில பிள்ளை இல்ல. நீங்க கேளுங்க. அவ சம்மதம்னு சொன்னா, இந்தா, நானே ஆட்டோ பிடிச்சுச் சாமிகிட்ட வந்து, பேசினது புழுதான்னு கைகூப்பிச் சொல்லுதேன். மாதா மேல சத்தியம்.

ஏட்டி ஜெசிந்தா! காப்பி போட்டது போதும், இங்கன வா. உபதேசியார் உங்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம். பயப்படாத. நான் உள்ள போயிருதேன். நான் இருந்தா நான் சொல்லிக்குடுத்துச் சொன்னேன்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும். அந்தக் கம்பை எடுத்துக் குடு.

கம்பைக் குடுட்டி. ஏன் கையைப் பிடிக்க? நான் போகாண்டாமா? சரி, போகல. நிக்கேன். நீ ஏன் என்னைப் பாக்க? அவியளைப் பாத்துச் சொல்லு.

என்னது? எனக்குக் கேட்டுட்டு. எனக்குக் கேட்டு என்ன செய்ய? நான் முன்னாலயே கேட்டதுதானே. அண்ணாச்சிக்குக் கேக்கிற மாதிரி சொல்லு. கோயில்ல ஓலை வாசிப்பாவள்லா, அந்தச் சத்தத்துல சொல்லு.

ஆங். அப்படித்தான். இன்னொரு தடவை.

கேட்டியளா அண்ணாச்சி? வேண்டாம்ங்கா. ரெண்டு தடவை சொல்லிட்டா. நல்லாப் பாத்துக்கிடுங்க அவளை. காய்ச்சல் இல்ல, வலிப்பு இல்ல, மண்ணு தின்னதும் இல்ல. இவ சொன்னதுக்கு எந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டு போயிக் காட்டுவிய?